கருவியும் கட்டளையும்: ஜான் மயேடாவின் வகுப்பறை குறித்து

கணினியில் படம் கற்பிப்பது என்றாலே மென்பொருள் பழக்குவது என்றாகிவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த நிழல் விழும் என்பதே பாடம். இந்தப் போக்குக்கான மறுப்பாகவே ஜான் மயேடாவின் ஆசிரியப் பணியை நான் வாசிக்கிறேன்.

எம்.ஐ.டி.யில் பொறியியலும் ஜப்பானில் வடிவமைப்பும் படித்தவர் மயேடா. 1996இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஆசிரியரானார். 1999இல் 'டிசைன் பை நம்பர்ஸ்' நூல் வந்தது. அதே பெயரில் ஒரு நிரல்மொழியும் உண்டு. அதில் தாள் 100க்கு 100 புள்ளி, அவ்வளவுதான். வண்ணம் கிடையாது. வெள்ளை 0, கறுப்பு 100, இடையில் சாம்பல். இதுல என்னத்த வரையறதுன்னு தோணும். ஆனால் அந்த வறுமை திட்டமிட்டது. பளபளப்பு இல்லாத இடத்தில் மாணவர் ஒரு கோட்டைக்கூடத் தானே யோசித்துக் கட்டளையாக எழுதியாக வேண்டும். அவருக்கு முன்பே கருவி முடிவெடுத்து வைத்திருப்பதில்லை.

அவருடைய மாணவர்கள் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய 'ப்ராசஸிங்' இதன் நீட்சி. வண்ணமும் அசைவும் சேர்ந்தன. மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஓவியம் படிப்பவர்களும் நிரல் எழுத ஆரம்பித்தார்கள்.

நுகர்பவரை ஆக்குபவராக மாற்றும் முயற்சி இது, சரி. ஆனால் 'ப்ராசஸிங்'கின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம். 'கோடு' என்று எழுதினால் கோடு விழாது. தமிழில் படிக்கிற பிள்ளை முதலில் அந்நியச் சொல்லை உருப்போட வேண்டும், பிறகுதான் படம். கருவியின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட வகுப்பறையிலும் மொழியின் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. விவாதத்தை இங்கிருந்து தொடங்கலாம்.