கறை, காரை, காவி: பல்லின் நிறமாற்றம் பெயர்பெற்ற வரலாறு

0. முன்னுரை

ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றும் நிறமாற்றத்தைத் தமிழ் வழக்கு பெரும்பாலும் 'கறை' என்னும் ஒரு சொல்லாலேயே சுட்டுகிறது. துணியில் படிந்த கறையைப் போலத் தேய்த்தால் போய்விடும் என்னும் எண்ணமும் அச்சொல்லோடு சேர்ந்தே வருகிறது. ஆனால், அவ்விடத்தில் காணப்படும் நிறம் பல்லின் மேல் படிந்ததாக இருக்கலாம். படிந்து இறுகியதாக இருக்கலாம். பல்லின் சொந்த நிறமாகவும் இருக்கலாம். வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது இவ்வேறுபாட்டைப் பொறுத்ததாகும். இவ்வேறுபாடு மொழியில் எவ்வாறு பெயர்பெற்றது, எங்கு மங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சுசுருத சங்கிதையின் இரு பெயர்கள்

சுசுருத சங்கிதை பல்லுக்குரிய நோய்கள் 8 எனக் கூறுகிறது. அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. பல்லில் படிந்த அழுக்கு பரல்போல் இறுகுவது 'தந்தசர்க்கரா' எனப்படுகிறது. பல் முழுவதும் கருமையோ நீலமோ அடைவது 'சியாவதந்தகம்' எனப்படுகிறது. முன்னதை ஈற்றுக்கு ஊறு நேராதவாறு அகற்றுமாறு மருத்துவனுக்கு அந்நூல் அறிவுறுத்துகிறது. பின்னதைத் தீராதவற்றுள் வைக்கிறது. மேலே படிந்தது வேறு, பல்லே நிறம் மாறுவது வேறு என்னும் தெளிவு இவ்விரு பெயர்களிலேயே அமைந்துள்ளது.

வடமொழியில் 'சர்க்கரா' என்பதற்குப் பரல், சரளை என்னும் பொருள்களும் உண்டு. இச்சொல் தமிழில் இனிப்புப் பொருளின் பெயராக மட்டுமே நிலைபெற்றது. ஆகவே, 'தந்தசர்க்கரா' என்பதை ஒலிபெயர்த்து எழுதும்போது தமிழ் வாசகருக்கு அதன் உவமை முற்றிலும் மறைந்துவிடுகிறது.

2. தமிழ்ச் சொற்களும் வினைகளும்

தமிழிலும் இவ்வேறுபாட்டுக்குரிய சொற்கள் இல்லாமலில்லை. 'ஊத்தை' என்பது பல்லின் மேல் நாள்தோறும் படியும் மென்மையான அழுக்கு. 'காவி' என்பது வெற்றிலை பாக்கு, புகையிலை முதலியவற்றால் ஏறும் நிறம். 'காரை' என்பது சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்தின் பெயர்; பல்லில் இறுகிய படிவுக்கு அது உவமையாகு பெயராயிற்று. பற்காரை, பற்காறை என இருவகையாகவும் இதனை எழுதுவதுண்டு. ஊத்தையில் உமிழ்நீரின் கால்சிய உப்புகள் சேர்ந்து இறுகுவதே பற்காரை என்பதால், சுண்ணாம்போடு ஒப்பிட்ட வழக்கு பொருளின் இயல்புக்கும் நெருங்கியதே. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்க்கு அண்மையிலுள்ள கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது மிகுதியாகப் படிவதற்கும் இதுவே காரணம்.

பெயர்களைப் போலவே வினைகளும் நோக்கத்தக்கவை. ஆசாரக்கோவை காலையில் கோல் 'தின்னுதல்' பற்றிப் பேசுகிறது. அங்கே செயல் மெல்லுதலாகும். பிற்கால வழக்கிலோ பல் 'விளக்குதல்', 'தேய்த்தல்' என்னும் வினைகள் பரவலாக உள்ளன. பாத்திரத்தை விளக்குவதும் பல்லை விளக்குவதும் ஒரே வினை. சாம்பல், செங்கற்பொடி ஆகியவை இரண்டு வேலைக்குமே பயன்பட்டன. ஆயினும், பாத்திரத்துக்கு ஏற்ற பொடி பல்லுக்கு ஏற்றதன்று. காவியை ஏற்றும் புகையிலையே பல் துலக்கும் பொடியிலும் இடம்பெற்றிருந்தது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது.

3. நிறத்திலிருந்து காரணத்துக்கு

பல்லின் சொந்த நிறமாற்றம் தனிப்பெயர் பெற்ற வரலாறு இருபதாம் நூற்றாண்டுக்குரியது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பணி தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அவ்வூரில் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்பு நிறத்தைக் கண்டார். தொடக்கத்தில் அதன் பெயர் 'கொலராடோப் பழுப்புக் கறை' என்பதே. அது மேற்படிவு அன்று, எனாமல் உருவாகும்போதே நேர்ந்த குறை என ஜி. வி. பிளாக்குடன் சேர்ந்து அவர் ஆராய்ந்து கண்டபின் 'புள்ளி விழுந்த எனாமல்' என்னும் பொருளுடைய பெயர் வழங்கலாயிற்று. 1931இல் எச். வி. சர்ச்சில் குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். அதன்பின் 'ஃபுளோரோசிஸ்' என்னும் பெயர் நிலைத்தது. ஊரும் நிறமும் சேர்ந்த பெயர் திசுவின் பெயராகி, இறுதியில் காரணத்தின் பெயராயிற்று.

இந்தியாவில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் எலும்பையும் தாக்கியிருந்ததை ஷார்ட்டும் அவருடன் ஆய்வு செய்தோரும் 1937இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கெனத் தீட்டப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே குடிநீர் வழங்கலோடு ஃபுளோரோசிஸ் தணிப்பும் இடம்பெற்றது. கறையாகக் கருதப்பட்டவரை மருந்து பற்பொடி. காரணம் பெயரானபின் மருந்து நல்ல குடிநீர்.

4. மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

நலவாழ்வுக் குறிப்புகளையும் பற்பசை உறைகளில் வரும் வாசகங்களையும் தமிழாக்குவோர் மேற்கண்ட அனைத்தையும் 'கறை' என்றே எழுதிவிடுவதுண்டு. இதனால் விளைவது நடைக்குறை மட்டுமன்று. ஈற்றோரத்து ஊத்தை மென்மையான தூரிகையால் மெல்லத் துலக்கப் போகும். காரை தூரிகைக்கு அசையாது. பல் மருத்துவர் கருவியால் அகற்ற வேண்டும். வீட்டில் ஊசியாலோ கத்தியாலோ சுரண்டினால் ஈறு கிழியும். ஃபுளோரோசிஸின் நிறம் எவ்வளவு தேய்த்தாலும் பற்பொடிக்குப் போகாது.

பல்லின் கழுத்துப் பகுதியில் எனாமல் மிக மெல்லியது. கரித்தூள், உப்பு முதலியவற்றால் அவ்விடத்தை நாள்தோறும் வன்மையாகத் தேய்த்தால் எனாமல் தேயும். எலுமிச்சைச் சாறு அதனைக் கரைக்கும். உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டின் அப்போது வெளிப்படும். அம்மஞ்சளையும் கறை என்று எண்ணுபவர் மேலும் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடும். ஒரு சொல்லின் பொருள் மயக்கம் இவ்வாறு பல்லின் இழப்பாக முடிகிறது.

5. முடிவுரை

புதிய கலைச்சொல் படைக்க வேண்டிய தேவை இங்கு மிகுதியாக இல்லை. மென்படிவுக்கு ஊத்தை, இறுகியதற்குக் காரை, வெளியிலிருந்து ஏறியதற்குக் காவி அல்லது கறை, பல்லின் சொந்த வேறுபாட்டுக்கு நிறமாற்றம் என வரையறுத்து வழங்கினால் போதும். ஊத்தை என்பது அவையில் சொல்லத்தகாத சொல் என்னும் தயக்கத்தை மொழிபெயர்ப்பாளர் விடுவது நன்று. அச்சொல்லைக் கேட்டவருக்கு எதைத் துலக்க வேண்டும் என்பது விளங்கும்; எதைத் தேய்க்கக் கூடாது என்பதும் உடன் விளங்கும்.