போலகத்திலிருந்து போலந்து வரை: ஒரு செங்கல் சரித்திரம்



"டெக்னிக்கலா எழுதி எல்லாரையும் தூங்க வெச்சிடாதே, வேற ஏதாவது எழுது" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். சிவில் என்ஜினீயருக்கு வேறு என்ன தெரியும்? செங்கல் தெரியும். ஆகவே செங்கல்லின் சரித்திரத்தையே எழுதுகிறேன். நம்ம பக்கத்துச் சரித்திரம்தான். நடுவில் கொஞ்சம் போலந்தும் வரும். ஏன் என்று போகப் போகப் புரியும்.

எங்கள் போலகத்தில் எங்கே தோண்டினாலும் களிமண் வரும், வண்டல் வரும், மணல் வரும், கொஞ்சம் உப்புத் தண்ணீரும் வரும். பாறை மட்டும் வராது. திருமலைராயன்பட்டினம், காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் எல்லா ஊருக்கும் இதே கதைதான். காவிரியும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய மண்ணின் மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூர்க் கல்தான்.

கல் இல்லாத ஊரில் என்ன செய்வது? மண்ணைச் சுட்டுக் கல்லாக்க வேண்டியதுதான். மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அப்படியென்றால் அதுவரை எல்லாரும் எதை வைத்துக் கட்டினார்கள் என்பது தெரிகிறது அல்லவா? டெல்டாவில் செங்கல் தளிகளாக இருந்த பல கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டியவர் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செம்பியன் மாதேவி. அதற்கான கல்லெல்லாம் மேற்கேயிருந்து வண்டி வண்டியாக வந்தது. அரசகுலத்தாருக்குக் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்குக் காளவாய்தான்.

இன்னும் பின்னோக்கிப் போகலாம். பூம்புகார்ப் பக்கம் கீழையூரில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. அதோடு இருந்த மரத்தூணைக் கார்பன் முறையில் சோதித்ததில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்று தெரிந்தது. செங்கல்லின் அளவு சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 7 கனம். இன்றைக்கு நாம் கையாளும் கல்லை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு கையால் தூக்கவே முடியாது!

இனி போலந்து. சில வருஷங்களுக்கு முன் கம்பெனி வேலையாக இரண்டு வாரம் போக நேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடக்கே ஓல்ஷ்டின் என்ற ஊருக்கு ரயில் ஏறினேன். ஊர் எல்லைக்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட ஏரிகள். நடுவில் வீனா என்று ஒரு சின்ன ஆறு. ஆற்றங்கரையில் 14ஆம் நூற்றாண்டுக் கோட்டை, பழைய நகரத்தின் உயர்ந்த வாசல், புனித யாக்கோபு தேவாலயம் மூன்றும் சிவப்புச் செங்கல். மேலே பூச்சு இல்லை, வெள்ளை இல்லை, அப்படியே கல் தெரிகிறது. காதிக் பாணி என்றால் பிரான்ஸில் செதுக்கிய கல்லில் கட்டியதைத்தான் நாம் படத்தில் பார்த்திருப்போம். அந்தக் கூரான வளைவையும் விலா எலும்பு மாதிரி ஓடும் கூரையையும் இவர்கள் செங்கல்லிலேயே சாதித்திருக்கிறார்கள்.

காரணம்? அதே காரணம்தான்! வட ஜெர்மனியிலிருந்து போலந்து வரை பால்டிக் கடலோரம் முழுக்கச் சமவெளி. பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து விட்டுப்போன களிமண்ணும் மணலும் உருண்டைக் கற்களும்தான் அங்கே உண்டு. அறுத்தெடுக்க நல்ல பாறை கிடையாது. நமக்குக் காவிரி செய்ததை அவர்களுக்குப் பனி செய்திருக்கிறது. கோட்டைச் சுவரின் ஓரத்தில் நின்று கற்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு கல் நீளவாக்கில், அடுத்தது தலைவாக்கில், மறுபடி நீளவாக்கில்... நம் கல்லூரியில் பிளெமிஷ் பாண்ட் என்று வரைந்து, ஸ்கேல் சரியில்லை என்று திருப்பி வாங்கி, மறுபடி வரைந்தோமே, அதுதான். அங்கே அதற்குப் போலிஷ் பாண்ட் என்று பெயர். அவரவர் ஊர் அபிமானம்!

அந்தக் கோட்டையில் குடியிருந்து நிர்வாகம் பார்த்தவர் கோபர்நிகஸ். சூரியனின் நகர்வைக் குறிக்க 1517இல் அவர் கைப்படப் போட்ட பலகை, சுமார் 7 மீட்டர் நீளத்துக்கு, தாழ்வாரச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் இன்னும் மிச்சமிருக்கிறது. 1945இல் சோவியத் படை வந்தபோது ஊரில் நிறைய இடம் எரிந்துபோனது. கொஞ்ச தூரத்தில் உள்ள மால்போர்க், உலகத்திலேயே பெரிய செங்கல் கோட்டை, அதே வருஷச் சண்டையில் பாதிக்கு மேல் இடிந்தது. பிறகு பல பத்தாண்டுகள் உட்கார்ந்து திரும்பக் கட்டினார்கள். 1997இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பழைய கல்லுக்கும் புதுக் கல்லுக்கும் நிறம் வித்தியாசப்படும் இடத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மறைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பால்டிக் செங்கல் நாட்டுக்காரர்கள் நம்ம பக்கத்துக்கே வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. டென்மார்க்கும் அதே ரகம். அவர்களுடைய அரசர்களைப் புதைக்கும் ரோஸ்கில்டே தேவாலயமே செங்கல் கட்டடம். அங்கிருந்து புறப்பட்ட ஓவே கெத்தே, 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். கல் இல்லையே என்று அவர்கள் திகைத்திருக்க மாட்டார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் அவர்களுக்கு ஊர்ப் பழக்கம். கையாளுகிற கொத்தனார்களோ அதற்கு ஆயிரம் வருஷம் முன்னாலிருந்தே இங்கே இருந்தார்கள். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை மட்டும் நிற்கிறது. காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

அங்கே போகும் மாணவர்கள் மியூசியத்தோடு திரும்பிவிடாமல் சுவரையும் பாருங்கள். கடலோரச் செங்கல்லுக்கு எதிரி மழையோ காற்றோ இல்லை, உப்பு. தரையிலிருந்து ஈரம் ஏறும்போது உப்பும் கூட ஏறுகிறது. ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லை உள்ளிருந்து தள்ளிப் பொரிய வைக்கிறது. போலகத்துப் பழைய வீடுகளில் மூன்றடி உயரம் வரை சுவர் மாவாக உதிர்கிறதே, அது இதுதான். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும்; பூச்சு உதிரும், கல் தப்பும். அதன் மேல் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லைத் தின்னும். பழைய கட்டடத்துக்குச் சிமென்ட் பூசுகிறவரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் நம் கடற்கரையின் மிகப் பெரிய செங்கல் அதிசயம் வடக்கே இல்லை, தெற்கே இருந்தது. போலகத்திலிருந்து வாஞ்சூர் தாண்டி நாகூர்; அங்கே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா தூரத்திலேயே தெரியும். அதையும் தாண்டி நாகப்பட்டினம் போகும் வழியில், ஊருக்கு ஒன்றிரண்டு மைல் வடக்கே, 1867 வரை இன்னொரு கோபுரமும் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊர்க்காரர்களும், சீனா பகோடா என்று வெள்ளைக்காரர்களும் சொன்னார்கள். கப்பல்காரர்களுக்கு அதுதான் கரை அடையாளம்.

1846இல் சர் வால்டர் எலியட் அதை நேரில் பார்த்துப் பின்னால் எழுதியும் வைத்தார். சதுர வடிவம், மூன்று நிலை, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே வாசல் மாதிரி ஒரு திறப்பு, நிலைகளுக்கு நடுவே படிப்படியாக வெளித்தள்ளிய செங்கல் வரிசை. முழுக்கச் செங்கல், சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் நெருக்கிப் பொருத்தியது. கீழே மூலைகள் தேய்ந்திருந்தனவே தவிர, கட்டடம் உறுதியாக இருந்ததாம். கல்வெட்டு, சிற்பம் எதுவும் இல்லை. செங்கல்லின் தலையெழுத்து அது. கல்லில் வெட்டினால் ஆயிரம் வருஷம் பேசும், செங்கல் பேசாது.

அதனாலேயே யார் கட்டியது என்பதில் இரண்டு கட்சி. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சூடாமணி விகாரம் ஞாபகம் வரும். அருள்மொழிவர்மர் ஒளிந்திருந்த இடம். உண்மையில் அந்த விகாரம், ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மர் தொடங்கி, அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் முடித்தது. அருள்மொழி ராஜராஜனாகி, 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் கிராமத்தை அதற்கு மானியமாகக் கொடுத்தார். கல்கி கொஞ்சம் முன்னாலேயே கட்டி முடித்துவிட்டார். கதைக்கு அது தேவைப்பட்டது, விட்டுவிடலாம். மானியச் செப்பேடுகள் 21 ஏடுகள். ஹாலந்துக்குப் போய் 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபுரம் அந்த விகாரத்தின் மிச்சம் என்பது ஒரு கட்சி.

இன்னொரு கட்சி சீனக் கட்சி. வாங் தாயுவான் என்ற சீன யாத்ரீகர் 1349இல் முடித்த புத்தகத்தில், இந்தக் கடற்கரைச் சமவெளியில் செங்கல்லால் கட்டிய உயரமான புத்த கோபுரம் ஒன்றையும், அதில் 1267இல் கட்டியதாகச் சீன எழுத்து இருந்ததையும் குறிப்பிடுகிறார். அந்த ஊர் நாகப்பட்டினமே என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 1476ஐ ஒட்டி இங்கே வந்த பர்மா பிட்சுகள், சீன மன்னன் ஆணையால் அமைந்த புத்தர் உருவை வணங்கியதாகக் கல்யாணிக் கல்வெட்டும் சொல்கிறது. எனக்கு இந்தக் கட்சிதான் நெருக்கம். சரியென்றால், அந்தக் கோபுரம் சாந்து இல்லாமல், உப்புக் காற்றில், கணக்காக 600 வருஷம் நின்றிருக்கிறது!

விழவில்லை. இடித்தார்கள். நாகப்பட்டினத்தில் 1844இல் கல்லூரி தொடங்கிய ஏசு சபைப் பாதிரிமார், 1859இல் கோபுரத்தை இடித்துச் செங்கல்லைக் கல்லூரிக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். சென்னை அரசாங்கம் உடனே தரவில்லை. எட்டு வருஷம் இழுத்து, 1867 ஆகஸ்ட் 28 அன்று உத்தரவு கொடுத்துவிட்டது. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இடிந்த மதில், பாழடைந்த மண்டபம் என்று எங்கே நல்ல செங்கல் கிடந்தாலும் தூக்கிவந்து வீடு கட்டுவது நம் பக்கத்தில் எப்போதும் நடப்பதுதான். சூளைக்கு விறகுச் செலவு மிச்சம். மட்டமான செங்கல்லாக இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது மண்ணுக்குள் இருந்தவைதான். கோபுரத்துக்கு அருகே 1856இல் பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் ஐந்து சிலைகள் கிடைத்தன. அதிலிருந்து 1930கள் வரை, வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு என்று சுமார் 350 புத்த படிமங்கள் வெளிவந்தன. பலவற்றைச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். கோபுரத்தின் உருவத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள், ஹென்றி யூல் பதிப்பித்த மார்க்கோ போலோ பயணநூலைத் தேடுங்கள். 1846இல் எலியட் எடுத்த கோட்டோவியம் அதில் அச்சாகியிருக்கிறது. மேல் நிலை திறந்து, உச்சியில் செடி முளைத்து நிற்கும்.

அந்தக் கல்லூரியை உங்களில் பலருக்குத் தெரியும். இன்றைய திருச்சி தூய வளனார் கல்லூரிதான் அது. கோபுரத்தை இடித்துப் பதினாறு வருஷம் கழித்து, 1883இல், நாகப்பட்டினத்தை விட்டு ஜாகை மாறிவிட்டது. கல்லுக்குப் பஞ்சமே இல்லாத ஊருக்கு.