செயலி மின்னழுத்தக் குறைப்பு

கணினிச் செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, வேகம் குறையாமல் வெப்பத்தைத் தணிப்பது மின்னழுத்தக் குறைப்பு எனப்படும். இது 'அண்டர்வோல்டிங்' எனவும் வழங்கப்படுகிறது.

1993-இல் வெளிவந்த முதல் பென்டியம் செயலி 5 வோல்ட்டில் இயங்கியது. அடுத்த ஆண்டு வந்த பென்டியம் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியது. செயலியின் இயங்கு மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. எனவே, வேகம் மாறாதபோது அழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் அத்திறன் 19 விழுக்காடு குறையும்.

ஒரே வகைச் சில்லுகளும் தரத்தில் வேறுபடுவதால், தயாரிப்பாளர்கள் அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகவே வைக்கின்றனர். மேசைக் கணினிப் பயனர்கள் அந்த மிகுதியைக் குறைத்துக்கொண்டனர். அளவு மீறினால் கணக்கீட்டுப் பிழைகள் நேரும்.

2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராட்சு, லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பிழைகளை வேண்டுமென்றே தூண்டி, இன்டெல் செயலியின் பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து இரகசியச் சாவிகளை எடுக்க முடியும் எனக் காட்டினர். 'பிளண்டர்வோல்ட்' எனப்பட்ட இத்தாக்குதலைத் தடுக்க இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அதனால் பல கணினிகளில் இவ்வசதி பூட்டப்பட்டது.