நடுவர் மேசையும் தோட்டத்துக் கோயிலும்: மலேசியத் தேர்வுக் கண்காட்சி வரலாற்றில் நெகிரி செம்பிலான் தோட்டங்கள்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், பள்ளி, கோயில், எழுத்திலக்கியம் ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளனர். காட்சிக்கலை பற்றிய பேச்சு அவற்றுள் மிகக் குறைவாகவே காணப்படுகின்றது. தோட்டத் தமிழரின் கதைகளையும் நாட்டுப்புறப் பாடல்களையும் தொகுத்த நாம், அவர்கள் வரைந்தவற்றையும் வண்ணம் தீட்டியவற்றையும் தொகுக்க முனைந்தோமல்லோம். நவீன ஓவிய வரலாற்றை எழுதியோரும் தோட்டத்தை ஓவியத்தின் பொருளாகக் கண்டனரே அன்றி ஓவியம் பிறக்கும் இடமாகக் கண்டிலர்.

நடுவர் குழு தெரிந்தெடுக்கும் கண்காட்சிகள் மலேசியாவில் வளர்ந்த வரலாற்றை நெகிரி செம்பிலான் தோட்டங்களின் பக்கம் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தேர்வுக் கண்காட்சி எதனைக் கலை என்று கேட்கின்றதோ அதுவே அதன் வாயிலுக்கு வந்து சேரும், கேட்கப்படாதது வராது, வராததை இல்லாதது என்று பிற்காலத்தார் எண்ணிவிடுவர் என்பது நம் கருத்தாகும்.

தேர்வுக் கண்காட்சிகளின் தோற்றம்

மலாயாவின் நவீன ஓவிய இயக்கம் நகரத்தில் தோன்றியது. 1951இல் கல்வித் துறையின் ஓவியக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற பீட்டர் ஹாரிஸ், 1952இல் கோலாலம்பூரில் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். 1956இல் உசேன் எனாஸ் தலைமையில் தீபகற்ப ஓவியர் அமைப்பு உருவாயிற்று. 1958 ஆகஸ்டு 27ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் தேசிய ஓவியக் கூடத்தைத் திறந்து வைத்தார். அக்கூடத்தின் ஆதரவில் 1968–69இல் சலோன் மலேசியாவும், 1973இல் 'மனிதனும் அவன் உலகமும்' என்னும் போட்டிக் கண்காட்சியும், 1974இல் 'பாக்காட் மூடா செசாமான்' என்னும் இளம் ஓவியர் போட்டியும் நடைபெற்றன. நாட்டின் ஓவியர் பலர் இத்தகைய போட்டிகளின் வழியாகவே அறியப்பட்டனர்.

இந்நிகழ்வுகளில் இந்திய வம்சாவளியினர் இடம்பெறாமல் இல்லை. ஓவியரும் ஆசிரியருமான சிவம் செல்வரத்தினம் புதன்கிழமைக் குழுவைச் சார்ந்தவர். பினாங்கில் பிறந்த நிர்மலா டத் சண்முகலிங்கம் 1973ஆம் ஆண்டுப் போட்டியில் முதன்மைப் பரிசு பெற்றோருள் ஒருவர். அவர் அளித்த படைப்பு வழக்கமான ஓவியம் அன்று. சுற்றுச்சூழல் சீர்கேட்டை நிழற்படங்களின் துணையுடன் ஆவணப்படுத்திய படைப்பாகும். கித்தானும் எண்ணெய் வண்ணமுமே கலை என்னும் எண்ணத்தை நடுவர்கள் தாமே தளர்த்திக்கொண்டதை இம்முடிவு காட்டுகின்றது. நடுவரின் அளவுகோல் மாறாத ஒன்றன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தோட்டக் கலை இவ்வரங்குகளில் இடம்பெறாமைக்கு 1971ஆம் ஆண்டுத் தேசியப் பண்பாட்டு மாநாடும் அதன்வழி வந்த கொள்கையுமே காரணம் என்று கூறுவோர் உளர். அக்கொள்கையின் தாக்கத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் இவ்விடைவெளி 1971க்கு முன்பே தோன்றிவிட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பதின்மர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அவ்வாறு எழுந்த தமிழ்ப்பள்ளிகள் எழுத்தையும் எண்ணையும் கற்பித்தன. நகரத்து ஓவியக் குழுக்களுக்கும் அவற்றுக்கும் இடையே பாலம் எதுவும் அமையவில்லை. எனவே இங்குத் தடையாக நின்றது இனம் மட்டுமன்று. வகுப்பும் கல்வியும் இடத் தொலைவும் சேர்ந்தே தடையாயின.

தோட்டத்தின் காட்சிக்கலை

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் தோட்டங்கள் பரவியிருந்தன. அங்குப் பால்மரம் வெட்டி வாழ்ந்த மக்களின் காட்சியுலகம் வறியதன்று. மாரியம்மன் கோயிலின் சுதைச் சிற்பங்கள், எல்லையில் நின்ற முனியாண்டியின் முறுக்கிய மீசையும் உயர்த்திய அரிவாளும், திருவிழாவுக்கென மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் கட்டிய சப்பரம், பூங்கரகம், லயத்து வாசலில் இட்ட கோலம், சுவரில் சட்டமிட்டு மாட்டிய சாமிப் படங்களும் குடும்ப நிழற்படங்களும் என அது விரிந்து கிடந்தது.

இவற்றைத் தேர்வுக் கண்காட்சியின் விதிகளோடு ஒப்பிட்டு நோக்கின் முரண்பாடு விளங்கும். முதலாவது, கண்காட்சி ஒரு தனியாளின் பெயரைக் கேட்கின்றது; கோயிற் சிற்பமோ சப்பரமோ பலர் கைபட்டு, பெயர் பொறிக்கப்படாமல் நிற்கின்றது. இரண்டாவது, கண்காட்சி எடுத்துச் செல்லத்தக்க பொருளைக் கேட்கின்றது. சுதைச் சிற்பம் இருந்த இடத்திலேயே பொருள் உடையது. மூன்றாவது, கண்காட்சி அழியாது காக்கத்தக்கதைக் கேட்கின்றது. கோலம் மாலைக்குள் அழிகின்றது, கரகம் நீரில் விடப்படுகின்றது, சிற்பமோ ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் புதுவண்ணம் பெறுகின்றது. ஆகவே தோட்டத்துக் கலைஞர் போட்டியில் தோற்றவர் அல்லர். அவர் கையில் விண்ணப்பப் படிவமே சேரவில்லை.

கண்காட்சிக்குப் பொருளாக வந்த தோட்டம்

தோட்டம் ஓவியக் கூடத்துள் நுழைந்தபோது பெரும்பாலும் பிறர் கைவழியாகவே நுழைந்தது. 1996இல் வோங் ஹோய் செயோங், புலம்பெயர்ந்தோரையும் இரப்பர் மரங்களையும் தலைப்பாகவே கொண்ட கண்காட்சியைத் தேசிய ஓவியக் கூடத்தில் நடத்தினார். பெரிய கரிக்கோல் ஓவியங்களில் குடும்ப வரலாறும் குடியேற்ற வரலாறும் பின்னிக் கிடந்தன. 1965இல் ஜொகூர் பாருவில் பிறந்த ஜெ. அனுரேந்திரா, 2001இல் மலேசிய இந்தியரின் வரலாற்றை 25 தேய்வழக்குகளாகக் காட்டும் ஓவியத்தைப் படைத்தார். இந்தியர் என்றதும் மற்றவர் மனத்தில் எழும் வார்ப்புருக்களை அடுக்கி வைத்து, அவற்றின் போதாமையை அப்படைப்பு உணர்த்துகின்றது. இவ்விருவரும் தோட்டத்தை மதிப்புடன் அணுகியோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டத்தவர் தம்மைத் தாமே எவ்வாறு காட்டிக்கொண்டனர் என்னும் வினா அப்படியே நிற்கின்றது.

போர்ட்டிக்சன் என்னும் சிற்றூர்

நெகிரி செம்பிலானிலிருந்து உலக அரங்கை எட்டிய கலைஞர் சிம்ரின் கில் ஆவார். 1959இல் சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்த அவர் பஞ்சாபிக் குடும்பத்தினர். 1999–2000இல் தம் ஊராரை அவரவர் வாழிடங்களிலும் பணியிடங்களிலும் நிற்க வைத்து, தலைகளை வெப்பமண்டலக் காய்கனிகளாலும் இலைகளாலும் மறைத்து நிழற்படத் தொடர் ஒன்றை எடுத்தார். மனிதரை மண்ணின் விளைபொருளாகவே கண்ட குடியேற்றக் காலப் பார்வையை அப்படங்கள் நினைவூட்டுகின்றன. இங்கு ஒன்றைச் சுட்டுதல் தகும். இரப்பரும் இம்மண்ணுக்குரியதன்று, பிரேசிலில் திரட்டிய விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. வந்தேறிய மரத்தை வளர்க்க வந்தேறிய மக்கள் என்பதே தோட்டங்களின் வரலாறு. 2007–2009இல் அவர் போர்ட்டிக்சனில் கைவிடப்பட்ட குடியிருப்பு ஒன்றின் வெற்று அறைகளைப் படமாக்கினார். சாளரச் சட்டங்கள் கழற்றப்பட்டபின் சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட கண்ணாடிகள் அப்படங்களில் அமைதியாக நிற்கின்றன. 2013இல் வெனிஸ் பியனாலேயில் ஆஸ்திரேலியாவின் சார்பாளராக அவர் தெரிந்தெடுக்கப்பட்டார்.

வெறுமையான வீடுகள் கலையாகலாம் என்பதை உலக அரங்கு ஏற்றுக்கொண்டது. அதே வட்டாரத்தில் வெறுமையாகிய லயங்களை நாம் எவ்வாறு நோக்கினோம்? 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். பின்னர் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. 1990களிலிருந்து சிரம்பான், லாபு, நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் புதுநகர்களாயின. லயங்களோடு வாசற்கோலமும், இடம்பெயர்ந்த கோயில்களோடு பழைய சுதைச் சிற்பங்களும் மறைந்தன.

போபால் காட்டிய வழி

நடுவர் குழு காத்திருப்பதை விடுத்துத் தேடிச் செல்லவும் கூடும். 1982இல் போபாலில் பாரத் பவன் தொடங்கப்பட்டபோது, ஓவியர் ஜெ. சுவாமிநாதன் கலை மாணவர்களை மத்தியப் பிரதேசத்தின் சிற்றூர்களுக்கு அனுப்பிப் பழங்குடியினரின் படைப்புகளைத் திரட்டச் செய்தார். அவற்றை நவீன ஓவியங்களுக்கு நிகராக ஒரே வளாகத்தில் காட்சிக்கு வைத்தார். அத்தேடலில் அறியவந்த கோண்டு இளைஞர் ஜங்கர் சிங் சியாமின் படைப்புகள் 1989இல் பாரிசின் பெருங்கண்காட்சி ஒன்றில் இடம்பெற்றன. ஊர்ச் சுவரில் தெய்வங்களை வரைந்த கை, பெயருள்ள கலைஞராக உலகின்முன் நின்றது. ஆயினும் 2001இல் சப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் பணியாற்றியபோது அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தேடிக் கண்டெடுத்தலோடு கடமை முடிவதில்லை என்பதையும் அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிவு இதுவாகும். தேர்வுக் கண்காட்சிகள் மலேசிய ஓவியத்தை வளர்த்தன. அவ்வுண்மையைக் குறைத்துக் கூறுதல் முறையன்று. ஆனால் அவற்றின் பட்டியல்களை மட்டும் கொண்டு நாட்டின் கலை வரலாற்றை எழுதுவோமாயின், பால்மரக் காட்டில் வாழ்ந்தோர் கண்ணும் கையும் இல்லாதோர் என்று பொருள்பட்டுவிடும்.

லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் ஆகிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் ஆசிரியர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. மாணவர் தம் வீட்டிலுள்ள பழைய நிழற்படம் ஒன்றைப் படியெடுத்து, அதில் உள்ளோர் யாவர், பின்னே தெரியும் கோயில் எது, சப்பரத்தைக் கட்டியவர் யார் என்று தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதட்டும். கோயிலுக்குப் புதுவண்ணம் பூசுமுன் பழைய வண்ணத்தைப் படமெடுத்து வைக்கட்டும். பெயர் கேட்கப்படாமலே வாழ்ந்து மறைந்த கலைஞர்க்கு, பெயர் சொல்லத் தெரிந்தோர் இன்னும் சிலர் உளர். அவர்களும் மறைந்தபின் எந்த நடுவர் குழுவாலும் அப்பெயர்களை மீட்டுத் தர இயலாது.