மின்னணுச் சான்று (இந்தியச் சட்டம்)

கணினி, கைபேசி, சிசிடிவி கேமரா, சர்வர் முதலியவற்றில் பதிவாகி, வழக்கின் ஒரு பொருண்மையை மெய்ப்பிக்க நீதிமன்றத்தில் முன்வைக்கப்படும் தகவல் மின்னணுச் சான்று எனப்படும். கைபேசி அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல், குரல் பதிவு ஆகியவை இதில் அடங்கும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65ஏ, 65பி பிரிவுகளைச் சேர்த்து இதற்கு இடம் தந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. பழைய சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 நடைமுறைக்கு வந்துவிட்டது. 65பி-யின் வேலையை இப்போது அதன் 63-ஆம் பிரிவு செய்கிறது.

சான்றிதழ்

அசல் கருவிக்குப் பதில் சிடி, பென் டிரைவ், அச்சுப்பிரதி என்று நகல் வரும்போது, கருவிக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழும் வர வேண்டும் என்றது 65பி(4). அது கட்டாயம்தானா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு பலமுறை மாறியது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் (2005) சான்றிதழ் இல்லாத அழைப்புப் பதிவுகள் ஏற்கப்பட்டன. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கு அதைப் புரட்டியது. கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தலை எதிர்த்தவர், பிரசாரப் பாட்டுகளையும் பேச்சுகளையும் பதிவு செய்து, கணினியில் ஏற்றி, சிடிகளாக்கிக் கொடுத்திருந்தார். சான்றிதழ் இல்லாததால் மூன்று நீதிபதிகள் அமர்வு அவற்றை ஒதுக்கியது. 2018-இல் ஷாஃபி முகமது வழக்கில் இரு நீதிபதிகள், கருவி தன் வசம் இல்லாதவரிடம் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை என்று தளர்த்தினர்.

குழப்பத்தை முடித்தது, 2020 ஜூலை 14 அன்று வந்த அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் தீர்ப்பு. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014 தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் செய்ய பிற்பகல் 3 மணி கெடு. அது தாண்டிய பிறகே கோட்கரின் மனு வந்தது என்பதற்கு எதிர்த்தரப்பினர் தேர்தல் அலுவலக வீடியோ பதிவைக் காட்டினார்கள். சான்றிதழுக்கு எழுதி எழுதிக் கேட்டும் அதிகாரிகள் தரவில்லை. நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு, சான்றிதழ் கட்டாயம் என்றது. உரிமையாளரே அசல் கைபேசியையோ மடிக்கணினியையோ கொண்டுவந்து கூண்டேறிச் சாட்சி சொன்னால் அது தேவையில்லை. பிறர் தர மறுத்தால் நீதிமன்றத்தின் மூலம் கேட்டுப் பெறலாம். தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தவரை, ஆகாத ஒன்றுக்காகத் தண்டிக்கக் கூடாது. அதிகாரிகளின் கதவைத் தட்டிக் களைத்துப்போகும் சாமானியருக்கு இந்தக் கடைசி விலக்கே பெரிய பாதுகாப்பு.

ஹாஷ் மதிப்பு

புதிய சட்டத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழ் இரு பகுதி கொண்டது. ஒன்றைக் கருவிக்குப் பொறுப்பானவரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பு இடம்பெற வேண்டும். கோப்பு முழுவதையும் கணக்கிட்டுக் கிடைக்கும் எழுத்து-எண் சரம் இது. எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 குறிகள் நீளம். ஒரு கமாவை மாற்றினாலும் சரம் முழுக்க வேறாகிவிடும். எனவே ஹார்ட் டிஸ்க்கைக் கைப்பற்றியதும் எழுதுதடுப்புக் கருவி வழியாக அப்படியே நகலெடுத்து, இரண்டின் ஹாஷும் ஒன்றா எனப் பார்ப்பார்கள். படிவத்தில் எம்டி5, எஸ்ஹெச்ஏ-1 ஆகியவையும் தேர்வுகளாக இருக்கின்றன. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வரச் செய்ய முடியும் என்பது எம்டி5-இல் 2004-லேயே, எஸ்ஹெச்ஏ-1-இல் 2017-இல் நிரூபணமாயிற்று. 2023-இல் எழுதிய சட்டம் அவற்றைத் தவிர்த்திருக்க வேண்டும்.

ஹாஷ் பொருந்தினால், கைப்பற்றிய பிறகு பதிவு மாறவில்லை என்று தெரியும். கைப்பற்றும் முன் அதை அங்கே வைத்தது யார் என்பது அதனால் தெரியாது. மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகாவ் வன்முறை தொடர்பான வழக்கு இதைக் கண்முன் காட்டுகிறது. கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியின் நகலை ஆராய்ந்த அமெரிக்க நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், நெட்வயர் என்ற தீநிரல் மூலம் அதில் ஆவணங்கள் திணிக்கப்பட்டதாக 2021 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அதே வழக்கில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றியும் 2022 டிசம்பரில் அதே முடிவைச் சொன்னது. ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று அவர் இறந்துவிட்டார். வழக்கை விசாரிக்கும் தேசியப் புலனாய்வு முகமை ஆர்சனலின் முடிவுகளை ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்புக்கு முழு நகல் கிடைத்ததால்தான் இந்தக் கேள்வியே எழ முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு

ஹாஷ் விட்டுவைக்கும் இந்த இடைவெளியைச் செயற்கை நுண்ணறிவு பெரிதாக்குகிறது. போலியாக உருவாக்கிய குரலோ முகமோ கைபேசியில் கோப்பாக இருந்தால், அதற்கும் பிழையற்ற ஹாஷும் முறையான சான்றிதழும் கிடைக்கும். தீர்ப்பு எழுதும் இடத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் எல்லை வகுத்தது: சாட்ஜிபிடி தரும் பதில், சட்டக் கேள்வியையோ பொருண்மைக் கேள்வியையோ தீர்மானிக்க அடிப்படை ஆகாது. புலனாய்வில் அத்தகைய தெளிவு இல்லை. முக அடையாளம் காணும் மென்பொருளில் 80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் அதைச் சரியான பொருத்தமாகக் கொள்வதாக, 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் டெல்லி காவல்துறை பதிலளித்தது. 80 என்ற எல்லை ஏன், மென்பொருள் எத்தனை முறை தவறுகிறது என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டுமானால், அதன் சோதனை விவரங்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் கைக்கு வர வேண்டும். அவற்றைத் தரும்படி கட்டாயப்படுத்தும் தனிப் பிரிவு எதுவும் புதிய சாட்சியச் சட்டத்தில் இல்லை.