பள்ளிச்சந்தம் முதல் படிப்புதவி வரை

காஞ்சி மாநகரை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திருப்பருத்திக்குன்றம். சினகாஞ்சி எனச் சான்றோர் போற்றும் இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் இன்றும் விளங்குகின்றன. வழிபாட்டுத் தலமாக இருந்ததோடு, துறவியர் தங்கிக் கற்றும் கற்பித்தும் வந்த இடமாகவும் இவ்வூர் திகழ்ந்தது. கல்விக்கூடத்தைக் குறிக்கும் ‘பள்ளி’ என்னும் சொல் சமணர் உறைவிடங்களின் வழியே வழக்கிற்கு வந்தது என்பது அறிஞர் பலர் கருத்து.

கல்லூரிப் படிப்பிற்கு உதவி வேண்டி விண்ணப்பிப்பதை இரத்தலாகக் கருதி நாணும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. நிலத்தை அடகு வைப்பினும் வைப்பர். விண்ணப்பத்தில் கையொப்பம் இடத் தயங்குவர். காஞ்சியின் வரலாறு இத்தயக்கத்திற்கு இடம் தருவதாக இல்லை.

பள்ளன்கோயில் செப்பேடு அதற்கு முதற்சான்று. சிம்மவிஷ்ணுவின் தந்தையாகிய பல்லவ மன்னன் சிம்மவர்மன், தனது 6ஆம் ஆட்சியாண்டில் பருத்திக்குன்றின் வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியை அச்செப்பேடு உரைக்கின்றது. காலம் கி.பி. ஆறாம் நூற்றாண்டு. வச்சிரநந்தி நந்தி சங்கத்தைச் சார்ந்தவர். ஓர் ஊரின் வருவாய் முழுவதும் ஒரு பள்ளிக்கு உரியதாயின், அங்கு உறைவோர் அன்றாடம் உணவிற்கு அலைய வேண்டியதில்லை. கொடை செப்பேட்டில் பொறிக்கப்பெற்றதால், அது மன்னன் மனம் மாறினால் மறையும் சலுகையாக அன்றி, பெறுவோர்க்குரிய உரிமையாக நின்றது.

அரசர் மட்டுமன்றி ஊராரும் இக்கடமையை ஏற்றனர். வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் குன்றில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அக்காலத்தில் அவ்வூரின் பெயர் விடால் என்னும் மாதேவி அரந்திமங்கலம். குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் அங்குத் தலைமை பூண்டிருந்தார். 500 பிள்ளைகளுக்கும் 400 பெண் துறவியர்க்கும் இடையே பிணக்கு நேர்ந்தது என்று அறிஞர் பொருள் கொள்வர். குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்று, அதனைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னர், பெண்கள் கற்கும் இடம் சிதையாமல் இருக்க ஓர் ஊரே பிணை நின்றது.

விசயநகரக் காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. அமைச்சரும் படைத்தலைவருமாகிய இருகப்பர் 1382இல் மகேந்திரமங்கலம் என்னும் ஊரைத் திருப்பருத்திக்குன்றக் கோயிலுக்கு அளித்தார். பின்னர்த் தம் ஆசிரியர் புட்பசேனரின் விருப்பப்படி அங்குச் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். நானார்த்த ரத்னமாலை என்னும் வடமொழி நிகண்டை இயற்றியவரும் இவரே. ஆசிரியரிடம் பெற்ற கல்விக்கு ஒரு மாணாக்கர் செலுத்திய நன்றியாக அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது.

காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்பெறும் சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய தானங்களை நான்காக வகுத்தார்: உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம். இந்நூலைத் தழுவியதே தமிழில் வழங்கும் அருங்கலச்செப்பு. துறவியரை முன்னிட்டு வகுக்கப்பெற்ற இந்நான்கும், இன்று வெளியூரில் தங்கிப் பயிலும் ஒரு மாணவியின் செலவுக் கணக்கோடு பெரிதும் பொருந்துவதைக் காணலாம். விடுதிக் கட்டணம், உணவுக் கட்டணம், நூல்கள், மருத்துவச் செலவு ஆகியவையே அக்கணக்கின் பெரும்பகுதி. பாடக் கட்டணத்தை மட்டும் செலுத்திவிட்டு உதவி முடிந்தது என்று எண்ணுவோர் இப்பகுப்பை நினைவிற்கொள்ளுதல் தகும்.

காஞ்சியின் பிற்கால வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. 1794இல் மறைந்த பச்சையப்பர் விட்டுச்சென்ற அறநிதி, நீண்ட வழக்குகளுக்குப் பின்னர்க் கல்விக்கும் பயன்படத் தொடங்கியது. சென்னையில் 1842இல் பள்ளியும், காஞ்சியில் 1947இல் ஆடவர் கல்லூரியும் அவ்வறத்தின் பெயரால் எழுந்தன. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, வறுமையால் நகராட்சியில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றே முதுகலைப் பட்டம் பெற்றார். தறியை நம்பி வாழ்ந்த வீட்டுப் பிள்ளைக்கும் மேற்படிப்பு எட்டக்கூடியதே என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இன்று பள்ளிச்சந்தத்தின் இடத்தில் அரசுத் திட்டங்கள் உள்ளன. 27.1.2014 அன்று சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பெற்றனர். தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-11 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குகின்றன. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமி திட்டத்தின்கீழ், தேர்ந்தெடுக்கப்பெற்ற உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றோர் ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்தினர், வேறு அரசு உதவி பெறாதவராயின், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் பெறுவர்.

இவற்றை இழப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தகுதியின்மை அன்று, காலம் கடத்தலே. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றிற்கு இ-சேவை மையத்தில் பிளஸ் டூ தேர்வு முடிந்தவுடனேயே விண்ணப்பித்தல் நன்று. மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் அமைந்துள்ளதா என்பதை முன்னரே சரிபார்த்தல் வேண்டும். சேர்க்கைக்குப் பின் இப்பிழைகளைத் திருத்த முனைவோர்க்கு இறுதி நாள் காத்திருப்பதில்லை.

சமுதாய அறக்கட்டளைகளுக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. விடால் ஊரார் தாம் ஏற்ற பொறுப்பை அனைவரும் காணக் கல்லில் எழுதினர். அதுபோல, யார்க்கு, எவ்வளவு, எந்நாளுக்குள் என்பதை ஆண்டுதோறும் அறிவித்து, சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் நாளுக்கு முன்னரே தொகையை வழங்குவதே முறையான கல்விக்கொடை. பெறுவோரின் பெயரை மேடையில் அறிவித்தல் வேண்டா; விதிகளை அறிவித்தல் போதும். உதவி பெற்றுப் பட்டம் பெற்றோர், இருகப்பரைப் போல், தாம் கற்ற மரபிற்குத் தம்மால் இயன்றதைத் திரும்ப அளிக்கலாம்.