வட்டி இலண்டனுக்கு, வரி உழவனுக்கு!

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் காவிரி. அதற்கப்பால் திருவரங்கக் கோபுரம். தெற்கே திரும்பினால் புகைவண்டிச் சந்திப்பு. அதனையடுத்துப் பொன்மலைத் தொழிற்சாலை. கோபுரத்தின் பெருமை பேசத் தலபுராணம் உண்டு. இருப்புப்பாதைக்குப் புராணம் இல்லை, கணக்கு உண்டு. அதைப் புரட்டுவோம், தோழர்களே!

1853இல் இலண்டனில் தோன்றியது 'கிரேட் சதர்ன் ஆப் இந்தியா' கம்பெனி. நாகப்பட்டினத்திலிருந்து அது போட்ட பாதை 1862இல் திருச்சியைத் தொட்டது. பாதை தனியாருடையது, துணிவும் தனியாருடையதா? அல்ல! நிலம் இலவசம். போட்ட முதலுக்கு ஆண்டுதோறும் 5 விழுக்காடு வட்டி உறுதி. வண்டி ஈட்டும் வருமானம் போதாவிடில், குறையை இந்தியக் கருவூலம் நிரப்பும். அந்தக் கருவூலத்தை நிரப்பியவன் யார்? நிலவரி கட்டிய காவிரிக்கரை உழவன்; கூழுக்கிட்ட உப்புக்கும் வரி கட்டிய ஏழை!

நட்டம் வராது என்ற உறுதி கிடைத்தபின் சிக்கனம் எங்கிருந்து வரும்? அகலப் பாதையாகப் போட்டதையே 1870களில் மீட்டர் பாதையாக மாற்றிப் போட்டனர். இலண்டனுக்குச் செல்லும் வட்டியின் பாதை மட்டும் மாறவில்லை!

1874இல் அது தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. 1890இல் அரசு விலை கொடுத்து வாங்கிற்று. ஆயினும் நடத்தும் உரிமை கம்பெனியிடமே இருந்தது. முதலாளிக்கு வட்டி உறுதி. தொழிலாளிக்கு வேலை உறுதியா? 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பொன்மலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துணை நின்ற சிங்காரவேலர் சிறை புகுந்தார். பயணியின் நிலையோ? சீட்டுக்குத் தந்த காசில் சாதியில்லை. நிலையத்து உணவுச்சாலையில் மட்டும் பார்ப்பனருக்குத் தனியிடம்! பெரியாரின் இயக்கம் போராடிய பின், 1941இல் அந்த இழிவு ஒழிந்தது. 1944இல் கம்பெனி ஆட்சியும் முடிந்தது.

புகைவண்டியால் நாடு பெற்ற நன்மையை மறுப்பவர் நாமல்லர். அதற்குக் கொடுத்த விலையையே கேட்கிறோம். கூட்டு என்றால் ஆதாயத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு. ஆதாயம் ஒருவனுக்கு, நட்டம் ஊருக்கு என்றால் அது கூட்டா?

இன்றும் அரசும் தனியாரும் கைகோத்துச் சாலை போடுகின்றனர், சுங்கச்சாவடி எழுகிறது. இளைஞனே, கட்டணம் செலுத்திவிட்டுத் தலைவிதி என்று நகராதே. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படி. நட்டம் யாருடையது என்று எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் படி. தலைவிதியை எவரும் எழுதவில்லை. ஒப்பந்த விதியை மனிதர் எழுதினர். மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம்!